கியூஜிஐஎஸ்: 500 மீட்டர் பஃபர் உலகையே மூடிவிடுகிறது, ஏன்?

கேள்வி

வணக்கம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை நானாகவே கற்று வருகிறேன். கிணறுகளின் அட்சரேகை, தீர்க்கரேகை அடங்கிய சிஎஸ்வி கோப்பு ஒன்றும், ஆற்றின் போக்கைக் காட்டும் கோட்டு லேயர் (வரைபட அடுக்கு) ஒன்றும் என்னிடம் உள்ளன. ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் எத்தனை கிணறுகள் இருக்கின்றன என்று கண்டறிய வேண்டும். இரண்டு லேயர்களும் திரையில் சரியாகவே பொருந்துகின்றன. ஆனால் குறிப்பிட்ட தூரம்வரை சுற்றிலும் பரப்பு வரையும் பஃபர் கருவியில் 500 என்று கொடுத்தால், உலக வரைபடத்தையே விழுங்கிவிடும் ஒரு பெரிய வடிவம்தான் கிடைக்கிறது. இத்தகைய இடங்களில் திகைத்து நிற்காமல் இருக்க எதை முதலில் கற்க வேண்டும் என்பதையும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். உங்கள் லேயர்கள் இபிஎஸ்ஜி 4326 என்ற குறியீடு கொண்ட, அட்சரேகை, தீர்க்கரேகையால் இடத்தைக் குறிக்கும் ஆயமுறையில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அந்த முறையில் அளவின் அலகு பாகை. ஆகவே நீங்கள் கேட்டது 500 மீட்டர் அல்ல, 500 பாகை. பஃபர் சாளரத்தில் எண்ணுக்கு அருகிலேயே அலகும் காட்டப்படுகிறது. ஓட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

500 மீட்டரைப் பாகையாக மாற்றிக் கொடுத்தால் போதுமே என்று தோன்றலாம். அது சரிவராது. ஒரு பாகை அட்சரேகை எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆனால் ஒரு பாகை தீர்க்கரேகை நிலநடுக்கோட்டில் அதே அளவாக இருந்து, 60 பாகை அட்சரேகையில் பாதியாகக் குறைந்துவிடுகிறது. பாகையில் போட்ட வட்டம் தரையில் வட்டமாக இருக்காது. இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் 3857 முறையின் அலகு மீட்டர்தான் என்றாலும், அதே 60 பாகையில் அது நீளத்தை இரு மடங்காகக் காட்டும் என்பதால் தூரம் அளக்க அதையும் நம்ப வேண்டாம்.

சிறிய பரப்புக்கு, உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் ஆயமுறை பொருத்தமானது. தீர்க்கரேகையுடன் 180-ஐக் கூட்டி, 6-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு 1-ஐக் கூட்டினால் மண்டல எண் கிடைக்கும். கிழக்கு 10 பாகை என்றால் மண்டலம் 32. வட அரைக்கோளத்தில் அதன் குறியீடு 32632, தென் அரைக்கோளத்தில் 32732.

இரண்டு லேயர்களையும் ‘ரீபுரொஜெக்ட் லேயர்’ கருவியால் மாற்றிப் புதிய கோப்புகளாகச் சேமியுங்கள். ‘செட் லேயர் சிஆர்எஸ்’ என்பதைத் தொடாதீர்கள்; அது இடத்தைக் குறிக்கும் எண்களை மாற்றாமல் ஆயமுறையின் (சிஆர்எஸ்) பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றுகிறது. லேயர்கள் திரையில் பொருந்துவதற்குக் காரணம், காட்டும்போது மட்டும் மென்பொருள் அவற்றை ஒரே முறைக்கு மாற்றிக்கொள்வதுதான். பஃபர் கணக்கோ லேயரின் சொந்த முறையிலேயே நடக்கிறது. நீங்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான். கருவிகளின் பெயர்களைத் தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம். இந்தப் புரிதல் இல்லாவிட்டால், தவறான விடை பார்வைக்குச் சரியாகவே தோன்றும்.

மறுமொழி 2

மேலே சொன்னதுடன் ஒன்று. புதிய கோப்புகளை ஷேப்ஃபைல் என்ற பழைய வடிவில் அல்லாமல், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் ஜியோபேக்கேஜாகச் சேமியுங்கள். ஷேப்ஃபைல் பல கோப்புகளாகப் பிரிந்து கிடக்கும். ப்ரோஜெக்‌ஷன் (ஆயமுறை) விவரத்தைத் தாங்கும் பிஆர்ஜே கோப்பை அனுப்ப மறந்துவிட்டால், பெறுபவர் உங்களைப் போலவே திகைத்து நிற்பார். ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயர்களும் பத்து எழுத்துகளோடு வெட்டப்பட்டுவிடும்.

பாடத்துக்கு, கியூஜிஐஎஸ் திட்டமே இலவசமாக வெளியிடும் பயிற்சிக் கையேடு போதும். அதை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதைவிட, கிணறுகளைப் பற்றிய உங்கள் கேள்விக்குத் தேவையான அத்தியாயங்களை மட்டும் எடுத்துச் செய்வதே நல்லது என்பது என் கருத்து. சொந்தத் தரவில் விடை தேடும்போது கற்றது மனத்தில் தங்குகிறது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. யூடிஎம்முக்கு மாற்றியதும் பஃபர் ஆற்றை ஒட்டிய பட்டையாக வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் உள்ள கிணறுகளை எண்ணிக் கூட்டினால், மொத்தக் கிணறுகளைவிட அதிகமாக வருகிறது.

மறுமொழி 1

ஆறு பல துண்டுக் கோடுகளாக வரையப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பஃபர் உருவாகி, அவை ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஒரே கிணறு பலமுறை எண்ணப்படுகிறது. பஃபர் சாளரத்தில் ‘டிஸ்ஸால்வ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் ஒன்றாக இணைந்துவிடும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கோட்டு லேயர் பொதுவாக ஆற்றின் நடுவே செல்லும். ஆறு 300 மீட்டர் அகலம் என்றால், உங்கள் 500 மீட்டரில் 150 மீட்டர் தண்ணீருக்குள்ளேயே போய்விடும். கரையிலிருந்து அளப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், ஆற்றைப் பரப்பாகக் காட்டும் பாலிகன் லேயரைத் தேடி எடுத்து அதிலிருந்து பஃபர் போடுங்கள்.