இரத்தம் கொடுத்த மறுநாள் பண்ணைப் பாலத்தில் பட்ட பாடு

ஓட்டைச்சைக்கிள்:
சனிக்கிழமை காலை வாசிகசாலையில் நடந்த இரத்ததான முகாமில் கொடுத்தேன், எனக்கு ஆறாவது முறை. தலைச்சுற்று ஒன்றும் இல்லை, நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு பின்னேரம், ஒரு நாளுக்கு மேல் போய்விட்டதுதானே என்று வழமைபோல யாழ்ப்பாணத்தில் இருந்து வேலணைத் தீவுப் பக்கம் சைக்கிளில் வெளிக்கிட்டால், பண்ணைப் பாலத்தில் பாதி கூடத் தாண்டவில்லை, கால் நோகவில்லை, நெஞ்சும் நோகவில்லை, மூச்சு மட்டும் எவ்வளவு இழுத்தாலும் காணவில்லை. கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 160. அந்த வேகத்துக்கு எனக்கு 146 தாண்டாது. அப்போதுதான் மீனை விற்றுவிட்டு வெறும் பெட்டியோடு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த ஒரு ஐயா, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் சுருட்டோடு என்னை விலத்திக்கொண்டு போனார். போகிறபோக்கில் திரும்பி, "தம்பி, ரயருக்குக் காத்துக் காணாது போல கிடக்கு" என்றார். நானும் இறங்கி ரயரை அமத்திப் பார்த்தேன். கல்லு மாதிரி இருந்தது. வேறு யாருக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

ஆவரங்கால் கரப்பந்து:
சோளகக் காற்றுக்கு எதிரே மிதித்தால் இரத்தம் கொடுக்காதவனுக்கும் அப்படித்தான். எல்லாம் மனப்பிரமை. நான் காலையில் கொடுத்துவிட்டுப் பின்னேரமே மைதானத்தில் இறங்கியவன், களைப்பே இல்லை. ஒன்றே ஒன்று, மூன்றாவது சேர்விசுக்குக் கையை ஓங்கி அடித்ததும் ஊசி போட்ட இடம் திறந்து, முழங்கையால் வழிந்து, பந்தெல்லாம் சிவப்பு. எதிர்ப்பக்கத்தான் பந்தைத் தொடமாட்டேன் என்று நின்றுவிட்டான். அது கையில் போட்ட கட்டை வேளைக்கே கழற்றினதால் வந்த வினை, அதைக் களைப்போடு சேர்க்காதீர்கள். இப்படி எழுதி எழுதியே சனத்தைப் பயப்படுத்தினால் இனி யார் கொடுக்க வருவார்கள்?

நல்லூரடி:
என் கதை சின்னது. நல்லூர்த் திருவிழா நேரம், இவர் முதல்நாள் இரத்தம் கொடுத்துவிட்டு விடியக் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்யப் போனார். வெறும் வயிறு. நான் பின்னால் அடியழித்துக்கொண்டு வருகிறேன், வடக்கு வீதியில் எழுந்து உட்கார்ந்தவர், ஈரவேட்டி முழுக்க மணலோடு என்னைப் பார்த்து, "கோயில் எந்தப் பக்கம்?" என்று கேட்டாரே, அந்த முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

கரப்பந்துத் தம்பி, இது மனப்பிரமை இல்லை. ஒரு தடவையில் எடுப்பது ஏறத்தாழ 450 மில்லிலீற்றர், உடம்பில் இருப்பதில் கிட்டத்தட்டப் பத்தில் ஒன்று. தண்ணிப் பகுதி, அதுதான் பிளாஸ்மா, ஓரிரு நாளில் நிரம்பிவிடும், ஆளும் நல்லாய் இருப்பதுபோல் தெரியும். ஒட்சிசனைக் காவுகிற செங்குழியங்கள் அப்படி இல்லை, எலும்பு மச்சை புதிதாய்ச் செய்து முடிக்கக் கிழமைக்கணக்காகும். கஞ்சிக்குத் தண்ணி விட்டுப் பெருக்கின மாதிரி, பானை நிறைந்திருக்கும், சோறு குறைவு. ஒவ்வொரு துடிப்பிலும் போகிற ஒட்சிசன் குறைவதால் இதயம் கூடத் துடித்து ஈடுகட்டப் பார்க்கும். நடந்தால் தெரியாது, மூச்சுமுட்ட ஓடினால்தான் தெரியும். கரப்பந்தில் ஒரு பந்துக்கும் மற்றதுக்கும் இடையில் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது, காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதிக்கிறவருக்கு அது எங்கே?

இன்னொன்று இரும்புச்சத்து. ஒரு தானத்தோடு 200 முதல் 250 மில்லிகிராம் போகிறது, சாப்பாட்டில் இருந்து ஒரு நாளில் உடம்பு உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இங்கே இலங்கையில் ஒரு தானத்துக்கும் அடுத்ததுக்கும் நாலு மாத இடைவெளி கேட்பது சும்மா இல்லை. சோற்றைச் சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடித்தால் அந்த ஒன்றிரண்டும் ஒழுங்காய்ச் சேராது. முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள், மச்சம் சாப்பிடுகிறவர்கள் ஈரல் சாப்பிடுங்கள், குளிசை என்றால் டொக்டரைக் கேட்டு. கொடுத்த அன்றைக்கு ஊசி போட்ட கையால் பாரம் தூக்கக் கூடாது. போட்டி இருந்தால் முடிந்த பிறகு கொடுங்கள், இரத்த வங்கி ஓடிப்போகாது.

ஆவரங்கால் கரப்பந்து:
அக்கா, மற்றதெல்லாம் சரி. பிளேன்ரீயை மட்டும் விடமாட்டேன்.

ஓட்டைச்சைக்கிள்:
நானும் விடவில்லை, சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கிறேன். கரப்பந்துக்காரர், கொடுப்பதற்கு முந்தின வியாழனும் இதே சோளகம்தான், அன்றைக்கு 146. பிறகு இரண்டு கிழமை மெதுவாகவே ஓடினேன், இப்போது ஐந்தாம் கிழமை, 148க்கு வந்திருக்கிறது. நேற்றுப் பாலத்தில் அதே ஐயா, அதே பெட்டி. இந்த முறை நான்தான் விலத்தினேன்.

"காத்து அடிச்சிட்டீர் போல" என்றார்.

ஓம் என்றேன்.