புதுப்பிப்பு: பிரசவ விடுப்பு கேட்டதும் வேலையை விட்டு அனுப்பினார்கள் – தீர்ந்தது

போன மாதம் புலம்பியிருந்தேன்: கடலூர் பக்கம் ஒரு கம்பெனி, ஏழாம் மாதத்தில் விடுப்பு கேட்டதும் 'நீங்க கான்ட்ராக்ட், இனி வர வேண்டாம்' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பியது. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலித்தது, 'எழுத்துல கேளுங்க' என்று பதில் போட்ட ஒரு அக்காவின் யோசனைதான். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் என்பதால் எனக்கு ஈஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீடு; இருந்தால் விடுப்புச் சம்பளத்தை அதுவே தரும்) கிடையாது. எனவே விடுப்புச் சம்பளம் கம்பெனி பொறுப்பு. பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று எழுதி, சம்பளச் சீட்டுகளை இணைத்தேன். பதிலே இல்லை. தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன். நோட்டீஸ் போன நான்காம் நாள் எச்ஆர் போன்: 'மேடம், சின்ன கம்யூனிகேஷன் கேப்.' கேப்பாம்! 26 வாரமும் சம்பளத்தோடு கிடைத்தது.

எதிர்பாராதது: கம்பெனி இலவச மருத்துவ வசதி தராவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு. மனு வாங்கியவர் சொல்லித்தான் தெரியும், அதையும் கேட்டு வாங்கிவிட்டேன்.