‘நாக்கு எடை’க்கு மாற்றுச் சொல் (வெள்ளி இரவு அச்சுக்குப் போகிறது)

பீனிக்ஸ், திங்கள்

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம்.

இங்குள்ள தமிழ்ப் பள்ளிக் குடும்பங்கள் ஏழு, அடுத்த மாதம் உள்ளே தங்கக்கூடிய சிறிய டிரெய்லர்களைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கத்துப் பாலைவனத்துக்குப் போகிறோம். மூன்று இரவு. அரசின் பொதுநிலம், குழாயும் இல்லை, மின் இணைப்பும் இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டிகளும் வருவதால் பாதுகாப்புக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். இரண்டு சொற்களில் வந்து நிற்கிறது.

முதலாவது, டங் வெயிட். டிரெய்லரின் முன்கோல், காரின் பின்னால் டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டின்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கி அழுத்துகிற எடை. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். 1,500 கிலோ என்றால் 150 முதல் 225 கிலோ. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியும். போன வருடம் விறகையும் தண்ணீர்க் கேன்களையும் பின்பக்கம் அடுக்கிவிட்டு ஃபிளாக்ஸ்டாஃபிலிருந்து மலை இறங்கினேன். பாதி வழியில் கார் என் பிடியில் இல்லை. பின் இருக்கையில் மகள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தி மீண்டோம். அதனால் இந்தச் சொல் படித்தவுடன் புரிய வேண்டும். கணினி தரும் ‘நாக்கு எடை’யை என்னால் அச்சிட முடியாது.

இரண்டாவது, ஆஃப் கிரிட். வெளி மின் இணைப்பு இல்லாமல், பேட்டரியில் இருப்பதை வைத்தே சமாளிப்பது.

தஞ்சாவூர், செவ்வாய்

தம்பி, நாக்கைச் சட்டென்று தள்ளிவிட வேண்டாம். மணிக்கு நாக்கு உண்டு. தராசு முள்ளைத் துலைநா என்றார்கள். ஆனால் இங்கே கருத்து, தாங்குதல். பொறு என்ற வேரில் பிறந்தது பொறை. சுமையும் அதுவே, சுமையைத் தாங்கும் பண்பும் அதுவே. பொறுப்பும் பொறுதியும் அதன் உடன்பிறப்புகள். ‘முன்பொறை’ என்று வையுங்கள். வடசொல் கலப்பில்லை, சொல்லவும் எளிது.

டொரொன்டோ, செவ்வாய்

ஐயா, முன்பொறை என்று எழுதினால் என் பிள்ளைகள் அதைப் பொறுமை பற்றிய பாடம் என்று நினைப்பார்கள். யாழ்ப்பாணத்தில் ட்ரக்டரில் பெட்டியைக் கொளுவுவோம். கொளுவுகிற உறுப்பு கொளுவி. அதன்மேல் விழுகிற சுமை கொளுவிச்சுமை. இதைவிட நேராக என்ன இருக்கிறது?

மற்றதற்கும் ஒன்று தோன்றுகிறது. வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போவது கட்டுச்சோறு. அதுபோல் வீட்டிலிருந்து பேட்டரியில் கட்டிக்கொண்டு போவது ‘கட்டுமின்’. தம்பி, லித்தியம் பேட்டரி என்றால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக்கூடாது என்றும் குறிப்பில் எழுதுங்கோ. எங்கள் குளிரில் அதை அறியாமல் பேட்டரியைக் கெடுத்தவர்கள் உண்டு.

தஞ்சாவூர், புதன்

கட்டுச்சோறு அருமை, அம்மா. பழந்தமிழில் அதற்கு ஆற்றுணா என்றே பெயர். ஆறு என்றால் வழி. ஆனால் ‘கட்டுமின்’ வேண்டாம். மின் என்பது ஏவல் பன்மை விகுதி. வம்மின், கேண்மின் என்பதுபோல், கட்டுமின் என்றால் ‘கட்டுங்கள்’ என்ற கட்டளை. ‘ஆற்றுமின்’ என்று வைத்தாலும் ‘செய்யுங்கள்’ என்றாகிவிடும். நூல் பயின்றவன் தடுக்கி விழுவான்.

பீனிக்ஸ், புதன்

நேற்றிரவு பொள்ளாச்சிக்கு அப்பாவிடம் பேசினேன். தேங்காய் வண்டி ஓட்டியவர். நான் விளக்கி முடிக்கும் முன்பே, “அது முன்பாரம். உனக்குப் பின்பாரம் ஏறியிருக்கு, அதான் ஆட்டியிருக்கு” என்றார்.

இரண்டு சக்கர மாட்டு வண்டியில் சுமை முன்னால் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் அதிகமானால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே வண்டிக்காரர் கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படிதான் ஏற்றுவார். எங்கள் டிரெய்லருக்கும் இதே விதி. மாட்டின் கழுத்து இருந்த இடத்தில் காரின் குண்டு. பின்பக்கம் கனத்தால் முன்கோல் காரைத் தூக்கும், காரின் பின்சக்கரங்கள் பிடி இழக்கும். ஒரே சொல்லில் பொருளும் எச்சரிக்கையும் சேர்ந்து வருகின்றன; எதிர்ச்சொல் கூடவே கிடைக்கிறது. நான் மலையில் செய்த பிழையின் பெயர் பின்பாரம். இத்தனை நாள் அது என் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

கோவை, வியாழன்

முன்பாரத்துக்கு என் ஓட்டு. அதோடு, பாரம் வடசொல் என்று ஐயா சொல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வண்டியின் நெடுஞ்சட்டத்துக்குப் பார் என்று பெயர். பெரும்பாணாற்றுப்படை உப்பு வணிகர் வண்டியைப் பாடும்போது ‘நோன்பார்’ என்கிறது. பாரில் ஏற்றுவது பாரம். பரு, பருமை, பாறை எல்லாவற்றையும் இந்த வழியில் கொண்டுவரலாம். புறநானூறு 102இல் அதே உப்பு வணிகர்களான உமணர், மேடு பள்ளத்துக்கு அஞ்சிக் கீழ்மரத்தில் சேம அச்சு, அதாவது மாற்று அச்சு, கட்டிப்போகிறார்கள். டிரெய்லரின் ஸ்பேர் டயருக்குச் ‘சேமச்சக்கரம்’ என்று இப்போதே எழுதிவிடுங்கள்.

தஞ்சாவூர், வியாழன்

சேமச்சக்கரத்தை மனமார ஏற்கிறேன், சேமம் வடசொல் வழி வந்ததே ஆனாலும். பாரை ஏற்கமாட்டேன். பார் சட்டம், எடை அன்று. ஒலி ஒத்தால் உறவென்று சொல்லத் தொடங்கினால் பாறைக்கும் பாரதத்துக்கும் மணம் முடித்துவிடலாம். பாரம், வடமொழிச் சொல்தான். நம்மிடம் சுமையும் பொறையும் இருக்கக் கடன் எதற்கு?

டொரொன்டோ, வியாழன்

முன்பாரம் எங்கள் வண்டில்காரருக்கும் விளங்கும். கொளுவிச்சுமையை விட்டுத்தருகிறேன். கொளுவியை மட்டும் விடமாட்டேன்.

பீனிக்ஸ், வெள்ளி

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். முன்பாரம், பின்பாரம், கொளுவி, சேமச்சக்கரம் நான்கும் உள்ளே.

ஐயா, பாரம் வந்த வழியில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் குறிப்பைப் படிக்கப்போகும் பாட்டிக்கு அது இரவல் சொல் அல்ல. அவர் வாய்க்கு வரும் சொல்லில் எச்சரித்தால்தான் தண்ணீர்க் கேனைப் பின்னால் வைக்கிற மகனைத் தடுப்பார்.

ஆஃப் கிரிட்டுக்குக் ‘கையிருப்பு மின்சாரம்’ என்று எழுதினேன். அழகில்லை, தெரியும். ஆனால் கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டியது என்ற பொருள் அதில் இருக்கிறது. 12 வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் சுமார் 1,200 வாட்-மணி. ஈய-அமில வகையில் பாதியைத்தான் எடுக்கலாம், மீறினால் பேட்டரியின் ஆயுள் குறையும். விளக்கு, தண்ணீர் மோட்டார், கைபேசிக்கு அது தாராளம். கூரை ஏசி 1,300 வாட் இழுத்தால் அரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். 100 வாட் சூரியத் தகடு குளிர்கால வெயிலில் ஒரு நாளைக்கு 300 வாட்-மணி அளவுக்கு நிரப்பும். இந்த வரவு செலவை அப்படியே அட்டவணை போட்டிருக்கிறேன். குளிர்பதனப் பெட்டியைக் கேஸில் ஓட்டச் சொல்லித் தடித்த எழுத்தில் ஒரு வரி.

தஞ்சாவூர், சனி

நல்லது தம்பி, பத்திரமாகப் போய்வாருங்கள். இரண்டாம் பதிப்பு வந்தால் முன்பாரத்துக்குப் பக்கத்தில் முன்பொறை என்றும் ஒருமுறை போடுங்கள். கட்டுச்சோற்றை வழியில் நிரப்பமுடியாது, பேட்டரியைச் சூரியத் தகடு தினமும் நிரப்புகிறது. அப்படியிருக்கக் கையிருப்பு என்பது எப்படிப் பொருந்தும் என்று எழுத ஆரம்பித்திருக்கிறேன். திங்களன்று அனுப்புகிறேன்.