சிஸ்டம் ஆன் ஆகவில்லையா? காரணத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லுங்கள்

திருச்சி அசெம்ப்ளர்:

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே கம்ப்யூட்டர் சிஸ்டம் கட்டுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். எல்லாம் மாட்டி முடித்து பட்டனை அழுத்தும்போது ஒன்றும் வராவிட்டால் வயிற்றைக் கலக்கும். அந்தப் பதற்றத்திலேயே பாதிப் பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, கெட்டுப்போகாத பாகத்துக்குப் பணம் கட்டிவிட்டு வருகிறார்கள். இது எனக்கு ரொம்ப வருத்தம். அதனால் அவரவர் பார்த்ததை இங்கே எழுதுங்கள். என்ன அறிகுறி, எங்கே தேடினீர்கள், கடைசியில் எது காரணம், இவ்வளவு போதும். முதலில் நான்.

எங்கள் தெருவில் ஒரு பெண், கல்லூரியில் படிக்கிறாள். டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் ரைசன் 5 5600 பிராசசர், பி450 மதர்போர்டு, பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்று எல்லாம் வாங்கி அவளே கட்டியிருந்தாள். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. போனில் கேட்டதற்கு, "பிராசசர் போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் சொல்லிவிட்டார்களாம். அவள் அம்மா வந்து, "தம்பி, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்களேன்" என்றார்.

ஆன் ஆகாத சிஸ்டத்தை நான் முதலில் இரண்டாகப் பிரித்துவிடுவேன். சுத்தமாக உயிரே இல்லையென்றால் பிளக், எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் தருகிற பெட்டி), பவர் பட்டன், அதற்கான ஒயர் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். உயிர் இருந்து டிஸ்ப்ளே வரவில்லையென்றால் ரேம், பிராசசர், பயாஸ் (போர்டுக்குள் இருந்து சிஸ்டத்தை எழுப்புகிற மென்பொருள்), கிராபிக்ஸ் கார்டு பக்கம். இதைப் பிரிக்காமல் கண்டதைக் கழற்றினால் நேரம்தான் போகும்.

அவளுடையது இரண்டாம் வகை. மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பார்த்தேன். 5600 பிராசசருக்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் பின்புறம் செருகினால் ஒன்றும் வராது. (5600ஜி என்றால் வரும். இன்டெல்லில் எஃப் என்று முடிகிற மாடல்களுக்கும் இதே கதைதான்.) அவள் சரியாக கார்டில்தான் செருகியிருந்தாள். பிராசசர் ஓரத்தில் போக வேண்டிய 8 பின் பவர் கேபிளும் இருந்தது. அதை விட்டுவிட்டால் ஃபேன் ஜோராகச் சுற்றும், டிஸ்ப்ளே வராது. நிறைய பேர் ஏமாறுகிற இடம் அது. ரேமைக் கழற்றி, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் ஸ்லாட்டில் ஒன்றை மட்டும், கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்தினேன். மாற்றமில்லை.

அப்புறம் போர்டின் ஓரத்தைப் பார்த்தால் நான்கு குட்டி விளக்குகளில் சிபியு என்று போட்டதற்குப் பக்கத்தில் சிவப்பு நிற்கிறது. கடைக்காரர் சொன்னதுதான் சரியோ என்று அவள் முகம் விழுந்துவிட்டது. ஆனால் அந்த விளக்குக்கு "பிராசசர் செத்துவிட்டது" என்று மட்டும் அர்த்தமில்லை. போர்டால் பிராசசரை அடையாளம் காண முடியாவிட்டாலும் அதே விளக்குதான். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. 5600 வந்தது 2022-இல். பயாஸ் பழசாக இருந்தால் போர்டுக்கு இந்தப் பிராசசரை யாரென்றே தெரியாது. டார்ச் அடித்துப் பார்த்தோம். பயாஸ் சிப் மேல் ஒட்டியிருந்த சின்ன வெள்ளை ஸ்டிக்கரில் இருந்த பதிப்பு எண், அந்தக் கம்பெனி 5600-க்குத் தேவை என்று பட்டியலில் போட்டிருந்த எண்ணைவிட ரொம்பப் பழையது. போர்டு புதுசுதான், ஆனால் பழைய ஸ்டாக்.

நல்ல வேளையாக அந்த போர்டில் பயாஸைப் புதுப்பிக்கிற ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தது. எல்லா பி450-லும் இருக்காது. ஒரு பென்டிரைவை ஃபேட்32 என்ற அமைப்பில் ஃபார்மேட் செய்து, புதிய பயாஸ் கோப்பை கையேட்டில் சொன்ன பெயருக்கு மாற்றிப் போட்டு, அதற்கென்று குறித்திருந்த யுஎஸ்பி துளையில் செருகி, பட்டனை அழுத்தினோம். இதற்கு டிஸ்ப்ளே தேவையில்லை, கரண்ட் இருந்தால் போதும். விளக்கு விட்டுவிட்டு மின்னியது. அது நிற்கிறவரை அந்த அறையில் யாரும் ஸ்விட்ச் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை. நின்றதும் ஆன் செய்தோம், பயாஸ் திரை வந்தது. பத்து ரூபாய் செலவில்லை.

அவளுடைய பிராசசர் நல்ல பிராசசர். அதைக் குப்பையில் போடச் சொன்னார்களே என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

மதுரை மல்டிமீட்டர்:

அருமை அண்ணே. நான் பவர் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன்.

என் மைத்துனன் சிஸ்டம். பட்டனைத் தொட்டால் ஆன் ஆகும், கொஞ்ச நேரத்தில் அணையும். எப்போது அழுத்தினாலும் இதே கதை. சூடாகி அணைகிறது என்று நினைத்து கூலரைக் கழற்றி சூடு கடத்துகிற பேஸ்ட்டை மாற்றியிருக்கிறான், எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்றியிருக்கிறான். நான் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக நான்கு எண்ணும்போது அணைகிறது. சூட்டினால் அணைகிற சிஸ்டம் இப்படிக் கடிகாரம் பார்த்து அணையாது. பவர் பட்டனை நான்கு விநாடி அழுத்திப் பிடித்தால் சிஸ்டம் கட்டாயமாக அணைய வேண்டும் என்பது போர்டின் ஏற்பாடு. அப்படியென்றால் யாரோ பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

கேபினெட்டின் முன்பக்கத்திலிருந்து வருகிற பவர் ஸ்விட்ச் ஒயரை போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்னையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டேன். ஆன் ஆனது, அணையவே இல்லை. பட்டன் உள்ளே சிக்கி, விட்ட பிறகும் இணைப்பு பிரியாமல் இருந்திருக்கிறது. கேபினெட்டை மாற்ற வேண்டியதில்லை. ரீசெட் பட்டன் ஒயரை எடுத்து பவர் ஸ்விட்ச் பின்னில் மாட்டிவிட்டேன். இப்போது ரீசெட்டை அழுத்தினால் ஆன் ஆகிறது. மைத்துனனுக்கு ஏக சந்தோஷம்.

எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் வந்தால் இப்படிப் பாருங்கள். சுவர் ஸ்விட்சை அணைத்து, 24 பின் கேபிளை போர்டிலிருந்து கழற்றி, பச்சை ஒயர் துளையையும் பக்கத்துக் கறுப்பு ஒயர் துளையையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்து, பிறகு ஆன் செய்தால் எஸ்எம்பிஎஸ் தனியாக ஓட வேண்டும். எல்லா ஒயரும் கறுப்பாக இருந்தால் ஊகிக்காதீர்கள், படத்தைப் பார்த்துத் துளையை உறுதி செய்யுங்கள். சிலவற்றில் லோடு (மின்சாரம் இழுக்கிற பாகம்) இல்லாவிட்டால் ஃபேன் சுற்றாது, அதனால் மீட்டர் வைத்து அளப்பதுதான் முறை. 12 வோல்ட் லைனில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் காட்ட வேண்டும். ஊதா ஒயரில் சிஸ்டம் அணைந்திருக்கும்போதும் 5 வோல்ட் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் பட்டனை எத்தனை முறை அழுத்தியும் பயனில்லை. எக்காரணம் கொண்டும் எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கை உருவிய பிறகும் உள்ளே இருக்கிற கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கி அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

கோவை பொறுமை:

இது சின்ன விஷயம், ஆனால் புதிதாக டிடிஆர்5 ரேம் போட்டுக் கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏஎம்5 (ஏஎம்டி பிராசசர் உட்காருகிற ஒரு வகை சாக்கெட்) போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது போர்டு ரேமைப் பரிசோதித்துப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகலாம், அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். என் நண்பர் ஒவ்வொரு முறையும் பாதியில் அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார், அது ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கியது. ஆன் செய்துவிட்டு வாருங்கள், டீ சாப்பிடலாம் என்று கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்தபோது பயாஸ் திரை காத்திருந்தது.

ரிச்சி தெரு ரெகுலர்:

கண் சிமிட்டுகிற நேரம் மட்டும் ஃபேன் அசைந்து உடனே நின்றுவிட்டால், பெரும்பாலும் எங்கோ ஷார்ட் ஆகிறது, எஸ்எம்பிஎஸ் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று அர்த்தம். என்னிடம் ஒருவர் கொண்டுவந்த சிஸ்டம் அப்படித்தான். போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், இவ்வளவுதான் மாட்டினேன். அழகாக ஓடியது. அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு போர்டில் இல்லை, போர்டு உட்கார்ந்த இடத்தில்.

கேபினெட்டின் உள்தகட்டைத் தடவிப் பார்த்தால், பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்காகக் கம்பெனியிலேயே மாட்டி அனுப்பிய ஒரு பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் (போர்டு தகட்டில் படாமல் தாங்குகிற குட்டித் தூண்), இவருடைய மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டில் துளையே இல்லாத இடத்தில் நிற்கிறது. போர்டின் அடியில் அது பதிந்த இடத்தில் ஒரு சின்ன வட்டத் தடம், நடுவில் இரண்டு சால்டர் முனைகள் பளபளவென்று தேய்ந்திருந்தன. அதைக் கழற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. போர்டை உள்ளே வைப்பதற்கு முன் துளைகளையும் ஸ்டாண்ட்ஆஃப்களையும் ஒன்றுக்கொன்று எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. எஸ்எம்பிஎஸ் மாற்றும்போது மாடுலர் கேபிள்களையும் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியே கழற்றக்கூடியவை) சேர்த்து மாற்றுங்கள். பழைய கேபிள் பொருந்துகிறதே என்று அப்படியே விட்டுவிட்டு ஹார்ட் டிஸ்க்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். போர்டு பக்க முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தப் பின்னில் என்ன வோல்டேஜ் என்பது ஆளுக்கு ஆள் வேறு. பிள்ளைகளின் சிறு வயதுப் படங்கள் முழுவதும் அதில் போய்விட்டது என்று ஒரு அம்மா வந்து நின்றார். அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

நாகை புதியவன்:

சார், எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு இப்போது நடக்கிறது இது: ஃபேன் சுற்றுகிறது, போர்டில் ரேமுக்கான டிராம் விளக்கு நிற்கிறது. இரண்டு 8 ஜிபி டிடிஆர்4 ரேம். பத்து மாதம் நன்றாக ஓடியது. அத்துடன் கேபினெட்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது. இரண்டும் ஒன்றா?

திருச்சி அசெம்ப்ளர்:

தம்பி, இரண்டும் வேறு. சுரீர் என்பதை முதலில் பாருங்கள். வீட்டு பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை. எஸ்எம்பிஎஸ் ஃபில்டரிலிருந்து கசிகிற கொஞ்ச மின்சாரம் போக வழியில்லாமல் கேபினெட்டில் நிற்கிறது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்கிறவரை சிஸ்டத்தை பிளக்கிலிருந்து உருவி வையுங்கள்.

டிராம் விளக்குக்கு: கடலோர ஊர், உப்புக்காற்று. ரேமைக் கழற்றி, தங்க நிறப் பட்டைகளைச் சாதாரண ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை நன்றாகத் துடைத்துவிட்டு, ஒன்றை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். வராவிட்டால் அதே ஸ்லாட்டில் மற்றதைப் போடுங்கள். இரண்டுமே வராவிட்டால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் பிளக்கை உருவி, போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரியைச் சற்று நேரம் கழற்றி வைத்துத் திரும்பப் போடுங்கள். பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குப் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

நாகை புதியவன்:

எர்த் சரியாகிவிட்டது சார், ஒயர் பிளக்குக்குள் அறுந்திருந்தது. ரப்பரால் தேய்த்தேன். ஒரு ரேமில் டிஸ்ப்ளே வருகிறது. மற்றதைப் போட்டால் எந்த ஸ்லாட்டிலும் வரவில்லை.

திருச்சி அசெம்ப்ளர்:

அப்போது அந்த ஒன்றுதான் போயிருக்கிறது. ரேமுக்குப் பெரும்பாலும் நீண்ட வாரண்டி இருக்கும், பத்து மாதம்தானே ஆகிறது. பில்லையும் அந்த ஒரு ரேமையும் மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். சிஸ்டம் முழுவதையும் கொண்டுவரச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். நல்ல ரேம் ஒன்றிலேயே அதுவரை ஓட்டுங்கள். இரண்டும் ஜோடியாக ஒரே பெட்டியில் வந்ததென்றால் சில கம்பெனிகள் ஜோடியாகத்தான் மாற்றித் தருவார்கள், அதையும் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.