மஞ்சள் சாம்பிள்: காலையில ஒரு ஆர்எஃப், மத்தியானம் ஒரு ஆர்எஃப். எச்பிடிஎல்சி தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

பிறை பொண்ணு எழுதியது:

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நான் செபராங் பிறையில ஒரு சின்ன லேப்ல வேலை பாக்குறேன், சேர்ந்து ஒம்பது மாசம் ஆச்சு. எச்பிடிஎல்சிதான் என் வேலை, அதாவது சிலிகா பூசுன பிளேட்டோட அடியில சாம்பிள வச்சு, கீழ இருந்து சால்வெண்ட் (கரைப்பான்) ஏற விட்டு, உள்ள இருக்கற பொருள்கள தனித்தனிப் பட்டையா பிரிச்சுப் பாக்கறது. பட்டை ஏறுன தூரத்த சால்வெண்ட் ஏறுன தூரத்தால வகுத்தா வர்ற நம்பர்தான் ஆர்எஃப். மசாலாத்தூள், மூலிகை கேப்சூல், ஜாமு (மலாய், இந்தோனேசிய நாட்டு மருந்து) மாதிரி சாமான்தான் எங்களுக்கு வரும். எங்ககிட்ட இருக்கறது பட்டையா தெளிக்கிற ஸ்ப்ரே அப்ளிகேட்டர், ரெட்டைத் தொட்டி சேம்பர் (பிளேட்ட நிக்க வச்சு ஓட்டற, அடி ரெண்டா பிரிஞ்ச கண்ணாடித் தொட்டி), 254, 366 நானோமீட்டர் வெளிச்சம் போட்டுப் பாக்குற யூவி பெட்டி, அவ்ளோதான். ஆட்டோமேட்டிக் சேம்பர் கிடையாது, பட்டைய அளக்கற டென்சிடோமீட்டரும் கிடையாது.

இப்ப ஒரு மஞ்சத்தூள் சாம்பிள் வந்திருக்கு. சால்வெண்ட் குளோரோஃபார்ம் மெத்தனால் 95க்கு 5, சிலிகா 60 எஃப்254 எச்பிடிஎல்சி பிளேட்டு. குர்குமின் (மஞ்சளுக்கு நிறம் குடுக்கற பொருள்) ஸ்டாண்டர்ட், அதாவது ஒப்பிட வச்சிருக்கற சுத்தப் பொருள், காலையில ஓட்டுனா ஆர்எஃப் 0.64ல நிக்குது, அதே ஸ்டாண்டர்ட், அதே ஆளு, மத்தியானம் ஏர்கோன் நல்லா குளுந்த பிறகு ஓட்டுனா 0.53. ரெண்டு ஓரத்துலயும் பட்டை மேல ஏறி சிரிக்கிற மாதிரி வளைஞ்சு வருது. சாம்பிள்ல ரெண்டு மஞ்சப் பட்டைதான் நல்லா தெரியுது, மூணாவது இருக்கா இல்லையான்னு சத்தியமா சொல்ல முடியல. பட்டை எங்க நிக்கும்னே தெரியாம எதைப் பாத்து நான் ரிப்போர்ட் எழுதறது?

எங்க முதலாளி, தவுக்கே, என்ன சொல்றாருன்னா இந்த பிளேட்டு வேலையெல்லாம் பழசு, பேசாம எல்லாத்தையும் வெளி லேப்புக்கு எச்பிஎல்சிக்கு (குழாய்க்குள்ள அழுத்தி ஓட்டிப் பிரிக்கற மெஷின்) அனுப்பிடலாம்ங்கறாரு. எனக்கு இந்த வேலை ரொம்ப பிடிச்சிருக்கு, விட மனசு இல்ல. தப்பு என்கிட்ட இருந்தா தயங்காம சொல்லுங்க.

கண்ணாடித்தட்டு எழுதியது:

தங்கச்சி, நான் பெட்டாலிங் ஜெயா பக்கம், இந்த பிளேட்டோட இருபது வருஷத்துக்கு மேல பழக்கம். உன் கை மேல பெரிய தப்பு இல்லம்மா, காத்து மேலதான் தப்பு.

சிலிகா தண்ணிய குடிக்கிற சாமான். நீ பிளேட்ட அடுப்புல 120 டிகிரில இருபது நிமிஷம் வச்சு எடுத்தாலும் வெளிய எடுத்த சில நிமிஷத்துலயே ரூம்ல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், நீ சாம்பிள் வச்சு முடிக்கறதுக்குள்ள அது ரூமோட சேர்ந்து போயிடும். ஈரம் ஏறுன சிலிகாவுக்கு பிடிப்பு கம்மி, அதனால பட்டை மேல ஓடும். காலையில நீ லேப் திறக்கறப்ப ராத்திரி மழை ஈரம் அப்படியே உள்ள இருக்கும், அதான் 0.64. மத்தியானம் ஏர்கோன் ரூம காய வச்சதும் சிலிகா கெட்டியா பிடிச்சுக்குது, 0.53. ஐரோப்பாவுல எழுதுன மெத்தட எடுத்து நம்ம ஊர்ல அப்படியே ஓட்டுற எல்லாருக்கும் இது வரும், எனக்கு முதல் ரெண்டு வருஷம் இதே பாடுதான், யாரும் சொல்லித் தரல.

செய்ய வேண்டியது இதுதான். மெக்னீசியம் குளோரைடு வாங்கு, விலை கம்மிதான், தண்ணியில கரையாம அடியில உப்பு தங்குற அளவுக்குப் போட்டு கலக்கு. அந்தக் கரைசலுக்கு மேல இருக்கற காத்துல ஈரம் 33 சதவீதத்துல நிக்கும், வெளிய மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும் மாறாது. ஆட்டோமேட்டிக் சேம்பர்லயும் இதே உப்புத் தண்ணி வழியாத்தான் காத்த விடுறாங்க. உன்கிட்ட அது இல்லாததால இன்னொரு ரெட்டைத் தொட்டி சேம்பர் எடுத்துக்கோ, ஒரு பக்கம் இந்தக் கரைசல், மறுபக்கம் சாம்பிள் வச்ச பிளேட்டு, மூடி போட்டு முக்கால் மணி நேரம் வை. பசியாறிட்டு வந்தா சரியா இருக்கும். அப்புறம் எடுத்து நேரா ஓட்டுற சேம்பர்ல இறக்கு, நடுவுல நின்னு பேசாத, அந்த ரெண்டு நிமிஷமே பிளேட்டுக்கு போதும்.

ஓரம் வளையறது வேற கதை. சேம்பர் ஆவியால நிறையல, அதனால பிளேட்டு ஓரத்துல இருந்து சால்வெண்ட் பறக்குது, பறந்தத ஈடு கட்ட கீழ இருந்து இன்னும் சால்வெண்ட் ஏறுது, பட்டையும் கூடவே ஏறுது. பின்பக்கத் தொட்டியில ஃபில்டர் பேப்பர நிக்க வச்சு சால்வெண்ட்ல நனைச்சு இருபது நிமிஷம் மூடி வை, அதுக்கப்புறம் பிளேட்ட இறக்கு.

அளவு எப்படி வைக்கிற? நாங்க பட்டை 8 மில்லிமீட்டர் நீளம், கீழ் ஓரத்துல இருந்து 8 மில்லிமீட்டர் உயரத்துல வைப்போம், சால்வெண்ட் 5 மில்லிமீட்டர் ஆழம், 70 மில்லிமீட்டர் வரைக்கும் ஓட்டுவோம். 70ங்கறது கீழ் ஓரத்துல இருந்து அளக்கறது, ஆர்எஃப் கணக்குப் போடறப்ப 62ஆலதான் வகுக்கணும். புதுசா வர்ற பிள்ளைங்க 70ஆல வகுத்துட்டு நம்பர் ஒத்து வரலன்னு அழும், அதையும் ஒரு தடவ பாத்துக்கோ.

கெலுகோர் மாமா எழுதியது:

பொண்ணு, அந்தக் கண்ணாடித்தட்டு சொன்னது எல்லாம் சரி. நான் ஒண்ணே ஒண்ணு சேர்க்கறேன், உன் குளோரோஃபார்ம் பாட்டில் லேபிள படி. குளோரோஃபார்ம் கெடாம இருக்க சில பாட்டில்ல எத்தனால் போடுவாங்க, ஒரு சதவீதம் வரைக்கும் இருக்கும், சிலதுல அமிலீன் போடுவாங்க. உன் மெத்தட்ல மெத்தனாலே அஞ்சுதான், அங்க எத்தனால் ஒண்ணு கூடுனா சின்ன விஷயமா? போன வருஷம் எங்க இடத்துல பாட்டில் மாறுனதுக்கு மூணு நாள் பிளேட்டு கம்பெனிய திட்டிட்டு இருந்தோம், கடைசில பாத்தா பிளேட்டு மேல தப்பே இல்ல.

அப்புறம் மெத்தனால பிப்பெட்ல அள, சிலிண்டர்ல ஊத்தாத. ஒவ்வொரு பிளேட்டுக்கும் புதுசா கலக்கு. மிச்சத்த பாட்டில்ல ஊத்தி வச்சு மறுநாள் ஓட்டுனா 95க்கு 5 எங்க இருக்கும். குளோரோஃபார்ம் வேலை எல்லாம் ஃப்யூம் ஹூட்ல வச்சே செய்மா, சின்ன லேப்ல இத யாரும் கண்டுக்க மாட்டாங்க, நீதான் உன்ன பாத்துக்கணும்.

செராஸ் எழுதியது:

நான் எச்பிஎல்சி, எல்சி மாஸ் (பிரிச்ச பொருளோட எடைய வச்சு அடையாளம் காட்டற மெஷின்) பக்கம் வேலை பாக்கறேன், தவுக்கே சொல்றதுலயும் நியாயம் இருக்குன்னு நினைக்கிறேன். குர்குமின் எத்தனை சதவீதம்னு நம்பர் வேணும்னா காலம்ல (எச்பிஎல்சியோட பிரிக்கற குழாய்) போட்டா தெளிவா வந்துடும். பிளேட்டுல பிரிக்கிற சக்தி கம்மி, சின்னச் சின்ன கலப்படம் பிபிஎம் (பத்து லட்சத்துல ஒரு பங்கு) அளவுல இருந்தா கண்ணுக்கு சிக்காது. ஈரத்தோட போராடறதுக்கு பதிலா அனுப்பிடலாமே?

கண்ணாடித்தட்டு எழுதியது:

செராஸ் தம்பி, நம்பர் வேணும்னா நீ சொல்றது ரொம்ப சரி, சில்டெனாஃபில் (ஆண்மைக் குறைவுக்கான மருந்து) மாதிரி மருந்த ஜாமுல தேடறப்ப நானே கடைசில மாஸ்லதான் உறுதி பண்ணுவேன். ஆனா இந்தத் தங்கச்சி கேக்கறது எவ்ளோன்னு இல்ல, இது என்னன்னு. அதுக்கு பிளேட்டு மாதிரி இன்னொண்ணு இல்ல.

காலம்ல எது வெளிய வருதோ அத மட்டும்தான் டிடெக்டர் பாக்கும், உள்ளயே ஒட்டிக்கிட்டது உன் குரோமட்டோகிராம்ல (டிடெக்டர் வரையற படம்) இருக்கவே இருக்காது. பிளேட்டுல வச்ச இடத்துல இருந்து சால்வெண்ட் நின்ன இடம் வரைக்கும் எல்லாம் உன் கண்ணு முன்னாடி கிடக்கு, நகராதது கூட அங்கதான் இருக்கு. மெட்டனில் எல்லோ கலந்த மஞ்சத்தூள இந்த சால்வெண்ட்ல ஓட்டிப் பாரு, அந்தச் சாயம் உப்பு மாதிரி, கிளம்புன இடத்த விட்டு நகராது, வச்ச இடத்துலயே மஞ்ச கோடா உக்காந்திருக்கும், ஆசிட் பட்டா மெஜந்தாவா மாறும். சூடான் சாயம் எண்ணெய்ப் பசையானது, அது நேரெதிரா மேல ஓடிப் போயி நிக்கும். ஒரே பிளேட்டுல ரெண்டு முனையும் தெரியும். லெட் குரோமேட் மட்டும் இதுல தெரியாது, அது ஈயம் சேர்ந்த உலோக உப்பு, அதுக்கு தனி டெஸ்ட் போடணும், அத மறக்கக் கூடாது.

20க்கு 10 சென்டிமீட்டர் பிளேட்டுல பதினஞ்சு டிராக் பக்கத்துல பக்கத்துல ஓடுது தம்பி. ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே காத்து, ஒரே சால்வெண்ட், ஒரே நேரம். பிளேட்டு ஒரு தடவைதான், அதனால அழுக்குச் சாறு வச்சாலும் காலம் கெட்டுப் போகுமேன்னு பயம் இல்ல.

இது பழசுன்னு சொல்றவங்களுக்கு இன்னொண்ணு. 1938ல உக்ரைன்ல இருக்கற கார்கிவ்ல இஸ்மாயிலோவ், ஷ்ரைபர்னு ரெண்டு விஞ்ஞானிங்க கண்ணாடில அலுமினா பூசி முதல்ல பாத்ததே மூலிகை மருந்துச் சாறுதான், நம்ம இன்னைக்கும் அதே வேலைதான் பாக்கறோம். அப்புறம் 1950கள்ல ஜெர்மனில எகோன் ஸ்டால் சிலிகாவையும் முறையையும் ஒழுங்குபடுத்தினாரு. அதுக்கப்புறம் நின்னு போகல. இப்ப பிளேட்டு துகள் 5, 6 மைக்ரான், பழைய டிஎல்சி பிளேட்டுல அதுக்கு ரெண்டு மடங்கு. பிளேட்டுல பிடிச்ச பட்டை மேல ஒரு தலைய அழுத்தி வச்சு சால்வெண்ட் விட்டு அப்படியே உன் மாஸ் மெஷினுக்கு அனுப்பலாம், சுரண்ட வேணாம். எனக்கு ரொம்ப பிடிச்சது பாக்டீரியா வச்சுப் பாக்கறது. அலிவிப்ரியோ ஃபிஷெரின்னு வெளிச்சம் விடற பாக்டீரியா இருக்கு, ஓட்டி முடிச்ச பிளேட்ட அதுல முக்கி எடுத்து இருட்டுல பாத்தா பிளேட்டு முழுக்க நீலப் பச்சையா மினுங்கும், நச்சு உள்ள பட்டை இருக்கற எடத்துல மட்டும் கருப்பா அணைஞ்சு போயிருக்கும். எந்தப் பொருள்னு பேர் தெரியறதுக்கு முன்னாடியே அது என்ன செய்யும்னு பிளேட்டு சொல்லிடுது. தண்ணி, பேக்கேஜிங் டெஸ்ட் பண்றவங்க இத எடுத்துப் போயிட்டாங்க.

தங்கச்சி, உன் மூணாவது பட்டைக்கு வர்றேன். மஞ்சள்ல மூணு வரணும், மேல குர்குமின், நடுவுல டெமெதாக்ஸிகுர்குமின், கீழ பிஸ்டெமெதாக்ஸிகுர்குமின். உன்கிட்ட குர்குமின் ஸ்டாண்டர்ட் மட்டும்தானே இருக்கு? அது பத்தாது. நம்பிக்கையான முழு மஞ்சக் கிழங்கு ஒண்ணு, அப்புறம் தெமுலாவாக் (ஜாவா மஞ்சள்) கிழங்கு ஒண்ணு, ரெண்டையும் உன் சாம்பிள் பக்கத்துல அதே பிளேட்டுல ஓட்டு. தெமுலாவாக்ல அந்தக் கீழ்ப் பட்டை வராது, ஐரோப்பிய ஃபார்மகோபியா (மருந்துத் தர நூல்) இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாக்க இதையும் பாக்குது. உன் சாம்பிள்ல என்ன வரும்னு நான் முன்கூட்டியே சொல்ல மாட்டேன், நீ ஓட்டிப் பாத்துட்டு சொல்லு.

செராஸ் எழுதியது:

அக்கா, நகராதத நான் யோசிக்கவே இல்ல. எங்க காலம்ல முன்னாடி இருக்கற, அழுக்குப் பிடிக்கற கார்ட் காலம் மாத்தறப்ப மேல மஞ்சக் கறை பாத்திருக்கேன், அது என்னன்னு யாரும் கேட்டதில்ல. அந்தக் கறைய கழுவி எடுத்து ஒரு பிளேட்டுல வச்சுப் பாக்கறேன்.

பிறை பொண்ணு எழுதியது:

அக்கா, மாமா, எல்லாருக்கும் நன்றி, அஞ்சு நாள் கழிச்சு வர்றேன்.

முதல்ல குளோரோஃபார்ம் லேபிள பாத்தேன், எத்தனால் போட்டது, பழைய ரிப்போர்ட் எல்லாம் அமிலீன் பாட்டில்ல ஓட்டுனது. இப்ப ஒரே வகைதான் வாங்கணும்னு எழுதி ஒட்டிட்டேன். ஆர்எஃப் 62ஆல வகுக்கறேனான்னும் பாத்தேன், அது சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் மெக்னீசியம் குளோரைடு. ரெண்டாவது சேம்பர் இல்லாததால கிளாஸ் தொட்டி ஒண்ணு கண்ணாடி மூடியோட வச்சு செஞ்சேன், சின்ன ஈரமானிய உள்ள போட்டுப் பாத்தப்ப 34ல நின்னுச்சு. காலையில எட்டரை, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் மழைக்கு அப்புறம் அஞ்சு, மூணு தடவ ஓட்டுனேன். குர்குமின் 0.56, 0.55, 0.56. மூணு பிளேட்டயும் மேஜையில வரிசையா வச்சுட்டு கொஞ்ச நேரம் சும்மா பாத்துக்கிட்டே நின்னேன். ஃபில்டர் பேப்பர் வச்சதும் ஓரம் நேராயிடுச்சு.

மஞ்சக் கிழங்கு ஜார்ஜ்டவுன் கடைத்தெருவுல முழுசா வாங்குனேன், தெமுலாவாக் பட்டர்வொர்த் சந்தையில ஜாமு விக்கிற அம்மா குடுத்தாங்க. வெட்டுனா ரெண்டும் ஆரஞ்சாத்தான் இருக்கு, வாசம்தான் வேற. 366ல வச்சப்ப முழு மஞ்சள்ல மூணு பட்டையும் மினுங்குச்சு, கீழ்ப் பட்டை நல்லா கெட்டியா. தெமுலாவாக்ல மேல ரெண்டு மட்டும், கீழ இருட்டு. கஸ்டமர் சாம்பிள்ல மேல ரெண்டு, கீழ ரொம்ப மெல்லிசா ஒரு கோடு, ஹேண்ட்போன்ல எடுத்தா தெரியல, கண்ணுக்குத் தெரியுது. மூணு பிளேட்டுலயும் அதே எடத்துல அதே மெல்லிசு. வச்ச எடத்துல சாயம் எதுவும் நிக்கல.

அப்படின்னா மஞ்சளோட தெமுலாவாக் கலந்திருக்கு, அதுதானே அக்கா? ரிப்போர்ட்ல அப்படியே எழுதலாமா?

கண்ணாடித்தட்டு எழுதியது:

ரொம்ப நல்லா செஞ்சிருக்க. ஆனா கலந்திருக்குன்னு இன்னும் எழுதாத. மஞ்சள் வகைக்கு வகை அந்தக் கீழ்ப் பட்டையோட அளவு மாறும், கடைத்தெருவுல வாங்குன ஒரு கிழங்க வச்சு முடிவு கட்ட முடியாது. இன்னும் மூணு நாலு ஊர் மஞ்சள் ஓட்டு. அப்புறம் அதே பிளேட்ட பட்டைக்கு நிறம் வர வைக்கற அனிசால்டிஹைடு சல்ஃபூரிக் ஆசிட்ல முக்கி சூடு காட்டு, தெமுலாவாக்ல ஜாந்தோரைசால்ங்கற பொருள் தனிப் பட்டையா வரும், மஞ்சள்ல அது வராது. உன் சாம்பிள்லயும் அதே எடத்துல அதே நிறத்துல வந்தா அப்ப எழுது. அதுவரைக்கும் ரிப்போர்ட்ல பாத்தத மட்டும் எழுது: மூணாவது பட்டை ஒப்பீட்டு மஞ்சள விட மிகக் குறைவு, மேல்சோதனை தேவை. கிழங்கு எங்க வாங்கின, எந்தத் தேதின்னு ஒவ்வொண்ணுக்கும் எழுதி ஒரு துண்டு காய வச்சு எடுத்து வை.

கெலுகோர் மாமா எழுதியது:

அனிசால்டிஹைடு அன்னன்னைக்கு புதுசா கலக்கும்மா, நிறம் மாறிட்டா ஊத்திடு. எங்ககிட்ட ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கற சாட்சி மஞ்சள் ரெண்டு வகை இருக்கு, ஒண்ணு இந்தியாவுல இருந்து வந்தது, ஒண்ணு கெடா. வேணும்னா சனிக்கிழமை பாலம் தாண்டி வா, தர்றேன்.

பிறை பொண்ணு எழுதியது:

வர்றேன் மாமா. தவுக்கேகிட்ட மூணு பிளேட்டயும் காட்டுனேன், அடுத்த மாசம் ரெண்டாவது சேம்பர் வாங்க ஒத்துக்கிட்டாரு.