பிறப்புறுப்பு ஒன்றைச் சொல்ல, மரபணு வேறொன்றைச் சொன்னால்: நெருங்கிய வண்ணத்துப்பூச்சிகளை எப்படிப் பிரிப்பது?

கேள்வி (ஆய்வு மாணவி)

வணக்கம். நீலன் குடும்பத்து வண்ணத்துப்பூச்சிகளில், இறக்கையைப் பார்த்துப் பிரித்தறிய இயலாத இரு வகைகளை என் ஆய்வேட்டுக்காக ஒப்பிட்டு வருகிறேன். ஆண் மாதிரிகளின் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்து அளந்தபோது, இணைசேர்கையில் பெண்ணைப் பற்றிக்கொள்ளும் வால்வா என்னும் மடலின் நுனி இரண்டு வடிவங்களாகப் பிரிகிறது. இடைப்பட்ட வடிவம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அதே மாதிரிகளின் காலிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, சிற்றினங்களை அடையாளம் காணப் பயன்படுவதால் பார்கோடு எனப்படும் சி.ஓ.ஐ. மரபணுப் பகுதியின் 658 எழுத்துகளை ஒப்பிட்டால், இரு வடிவங்களும் ஒரே கொத்தில் கலந்து நிற்கின்றன. பார்கோடு பிரியவில்லையென்றால் சிற்றினம் ஒன்றுதான் என்கிறார் உடன் பயிலும் நண்பர். அப்படி முடிவுகட்டலாமா?

பதில் (மூலக்கூறு ஆய்வாளர்)

முடிவுகட்ட இயலாது. சி.ஓ.ஐ. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது, தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஆகவே அது காட்டுவது தாய்வழி வரலாற்றை மட்டுமே. இரு சிற்றினங்கள் அண்மைக் காலத்தில்தான் பிரிந்தன என்றால், மூதாதையிடம் இருந்த பல சி.ஓ.ஐ. வடிவங்கள் இன்னும் இரண்டிலும் கலந்தே இருக்கும். எப்போதோ நேர்ந்த கலப்பின் வழியே ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றொன்றுக்குள் புகுந்திருக்கவும் கூடும்.

வண்ணத்துப்பூச்சிகளில் இசட், டபிள்யூ என்ற இருவேறு பாலினக் குரோமோசோம்களைக் கொண்டிருப்பது பெண்தான்; அதனால் கலப்பில் பிறக்கும் பெண்களே பெரும்பாலும் மலடாகின்றன என்பதும், தாய்வழி மரபணு எளிதில் சிற்றின எல்லை தாண்டாது என்பதும் உண்மையே. ஆயினும் வோல்பாக்கியா என்னும் பாக்டீரியா அந்தக் கணக்கைக் கலைத்துவிடும். அதுவும் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்கிறது. தொற்றுள்ள பெண்களின் வம்சம் பெருக வழிசெய்து, அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவையும் தன்னோடு பரப்பிவிடுகிறது. எனவே முதலில் உங்கள் மாதிரிகளில் வோல்பாக்கியா உண்டா என்று பாருங்கள். பிறகு உட்கரு மரபணுக்கள் சிலவற்றை, குறிப்பாக இசட் குரோமோசோமில் உள்ளவற்றைப் படியுங்கள். நெருங்கிய சிற்றினங்களுக்கிடையே வேறுபாடு பலமுறை அங்கேதான் முதலில் தலைகாட்டுகிறது.

பதில் (அருங்காட்சியகச் சேகரிப்பைப் பராமரிப்பவர்)

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பிறப்புறுப்பும் தவறே செய்யாத சாட்சி அன்று. ஐரோப்பாவின் லெப்டிடியா சினாபிஸ் என்ற வெள்ளை வண்ணத்துப்பூச்சியை நினைத்துப் பாருங்கள். நெடுங்காலம் ஒரே சிற்றினமாகக் கருதப்பட்ட அதற்குள் இரண்டு அடங்கியிருப்பதை 1980களின் இறுதியில் பிறப்புறுப்பின் நீளமே காட்டிக்கொடுத்தது. நீண்ட உறுப்புள்ளது லெப்டிடியா ரியாலி எனப் பெயர் பெற்றது. அத்துடன் வழக்கு முடிந்தது என்று பலரும் நினைத்திருக்க, 2011இல் டி.என்.ஏ.வையும் குரோமோசோம்களையும் சேர்த்து ஆராய்ந்தவர்கள், ரியாலி என்ற பெயருக்குள்ளும் இரண்டு இருப்பதைக் கண்டு, ஒன்றை லெப்டிடியா ஜுவர்னிகா எனப் பிரித்தனர். அயர்லாந்தில் ரியாலி என்று பதிவாகியிருந்தவை ஜுவர்னிகா என்று மாறின. இதில் எனக்கு இன்றும் வியப்பளிப்பது வேறு: ரியாலியையும் ஜுவர்னிகாவையும் பிறப்புறுப்பால் பிரிக்க முடிவதில்லை, ஆனால் மரபணுவின்படி ரியாலிக்கு நெருங்கிய உறவு சினாபிஸ்தான். உறுப்பின் ஒற்றுமையை மட்டும் நம்பியவர்கள் உறவை மாற்றி எழுதியிருப்பார்கள்.

உங்கள் அளவீட்டைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். வயிற்றுப் பகுதியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மென்மையாக்கிச் சுத்தம் செய்த பின், கவர்ஸ்லிப் என்னும் மெல்லிய கண்ணாடித் தகட்டால் அழுத்திவிட்டு அளந்தீர்களா, கிளிசரினில் மிதக்கவிட்டு அளந்தீர்களா? அழுத்தினால் வால்வா விரிந்து, கோணம் மாறி, இல்லாத வடிவங்கள் தோன்றும்.

பதில் (குரோமோசோம் ஆர்வலர்)

குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கவும் வாய்ப்புண்டு. வண்ணத்துப்பூச்சிகளில் பரவலாகக் காணப்படுவது 31 இணைகள். உங்கள் நீலன்களின் உறவான அக்ரோடயட்டஸ் குழுவிலோ அது 10 முதல் 134 இணைகள் வரை செல்கிறது, அங்கே பல சிற்றினங்களுக்கு எண்ணிக்கைதான் முதன்மை அடையாளம். ஆனால் மேலே வந்த அதே சினாபிஸில், ஒரே சிற்றினத்துக்குள்ளேயே மொத்த எண்ணிக்கை 56இலிருந்து 106 வரை (28 முதல் 53 இணைகள்) வேறுபடுகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வியாளரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. அழுத்தித்தான் அளந்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். எல்லா மாதிரிகளும் ஒரே கோணத்தில்தான் வைக்கப்பட்டன என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை. கிளிசரினில் மறுபடி அளந்த பிறகே வோல்பாக்கியாவுக்கும் இசட் மரபணுக்களுக்கும் செல்லப்போகிறேன்.

பதில் (அருங்காட்சியகச் சேகரிப்பைப் பராமரிப்பவர்)

நல்லது. மறுபடி அளக்கும்போது, எந்த மாதிரியை முன்பு எந்த வடிவத்தில் சேர்த்தீர்கள் என்பது தெரியாதபடி சீட்டுகளை வேறொருவரைக் கொண்டு மறைத்துவிடுங்கள். கண் தான் எதிர்பார்ப்பதைக் கண்டுவிடும். பெண் மாதிரிகளையும் விடாதீர்கள், லெப்டிடியாவில் பெண்களின் பிறப்புறுப்பு உள்நாளமும் நீளத்தில் வேறுபட்டது. பிரித்தெடுத்த உறுப்பைக் கிளிசரின் நிறைந்த சிறு குப்பியில் இட்டு, அந்தப் பூச்சி குத்தப்பட்டுள்ள ஊசியிலேயே பொருத்திவிடுங்கள். இறக்கை, உறுப்பு, டி.என்.ஏ. மூன்றும் ஒரே பூச்சிக்கு உரியவை என்பதைப் பிற்காலத்தில் சரிபார்க்க அதுவே வழி.