வருடத்தில் எத்தனை நாள் வரிக்காக உழைக்கிறீர்கள்? மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் கணக்குச் சொல்லுங்கள்

படுவான்கரைப் பிள்ளை கேட்டது:

எங்கள் ஊரில் யாரிடமாவது "வரி கட்டுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். என் அப்பாவும் அப்படித்தான். வெல்லாவெளிப் பக்கம் வெள்ளாமை செய்கிறார். "வரியெல்லாம் கொழும்பில கோட்டுப் போட்டவனுக்கு. மறுகா நமக்கென்ன மகள்?" என்பார். நான் மட்டக்களப்பு டவுனில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுக்க வற் (சாமான் விலையில் சேருகிற பெறுமதி சேர் வரி, VAT) பில்லோடு மல்லுக்கட்டுகிற எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ரூபாயில் சொன்னால் அவர் காதில் ஏறாது. அதனால் நாளில் சொல்லிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

அமெரிக்காவில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. 1948 இல் புளோரிடாவைச் சேர்ந்த டலஸ் ஹொஸ்டெட்லர் என்ற வர்த்தகர் தொடங்கி வைத்தது. ஜனவரி 1 இலிருந்து நாட்டு மக்கள் உழைப்பது முழுவதும் வரிக்கே போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் வரி அடைபட்டு முடிகிறதோ அதுதான் வரி விடுதலை நாள். 2019 இல் அங்கே அது ஏப்ரல் 16. நமக்குச் சித்திரை வருடப் பிறப்புப் பலகாரம் தீர்ந்துபோகிற நேரம்!

இனி என் கணக்கு. சம்பளம் மாதம் 75,000. வருடத்துக்கு 9 லட்சம். 2025 ஏப்ரலில் இருந்து வருடம் 18 லட்சம் வரை வருமான வரி கிடையாது, ஆகவே அந்தப் பக்கம் பூச்சியம். ஆனால் சம்பளத்தில் ஏறக்குறைய 40,000 ரூபாய் வற் ஏறிய சாமான்களுக்குப் போகிறது. சவர்க்காரம், பற்பசை, பிஸ்கட், செருப்பு, தம்பியின் பள்ளிக்கூடப் பை, போன் ரீலோட், ஸ்கூட்டிக்குப் பெற்றோல் எல்லாம் இதற்குள் வரும். வற் 18 சதவீதம், அதாவது 118 ரூபாய் கொடுத்தால் அதில் 18 ரூபாய் வரி. அப்படியானால் 40,000 இல் 6,100 ரூபாய். வருடத்துக்கு 73,000 ரூபாய்க்குச் சற்று மேல். என் ஒருநாள் சம்பளம் 2,466 ரூபாய். பிரித்துப் பார்த்தால் கிட்டத்தட்ட 30 நாள். ஜனவரி 30 வரைக்கும் நான் அரசாங்கத்துக்கு வேலை செய்கிறேன்!

வற் 8 சதவீதமாக இருந்த 2021 இன் விகிதத்தில் இதே செலவைப் போட்டுப் பார்த்தேன். பதினான்கரை நாள்தான் வருகிறது. பொங்கல் பானை பொங்கும்போது என் கடனும் முடிந்திருக்கும். 2022 ஜூனில் 12, செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏற ஏற, தை மாதத்தில் பாதியும் போய்விட்டது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இந்தக் கணக்குச் சரியா? சம்பளமே இல்லாத அப்பாவுக்கு எப்படிப் போடுவது?

களுதாவளை வாத்தியார்:

மகள், நல்ல கணக்கு. முழு நாட்டுக்கும் போட்டுப் பார்த்தேன். 2022 இல் அரசாங்கத்தின் வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 7 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தது. நாளாக்கினால் ஜனவரி 27. 2024 இல் அது சுமார் 12 சதவீதம். பெப்ரவரி 13 ஆகிவிட்டது. வெறும் இரண்டு வருடத்தில் இரண்டரைக் கிழமை தள்ளிப் போயிருக்கிறது.

வரியை நாளாக அளப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1848 இல் டொரிங்டன் ஆளுநராக இருந்தபோது தெருச் சட்டம் ஒன்று வந்தது. வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் வருடத்தில் 6 நாள் தெரு வேலை செய்ய வேண்டும், இல்லாவிட்டால் 3 ஷில்லிங் கட்ட வேண்டும். அந்த வருடமே மாத்தளையில் கலகம் வெடித்தது. அதற்கு இதுவும் ஒரு காரணம். நெல் வரி என்று தனியாக ஒன்றும் இருந்தது, அது 1892 இல்தான் ஒழிந்தது. உங்கள் அப்பாவின் பூட்டனார் நிச்சயம் கட்டியிருப்பார்.

கல்முனை நானா:

தங்கச்சி, சின்னத் திருத்தம் ஒன்று. நம் ஊர்ப் பெட்டிக்கடைகள் வற்றுக்குப் பதிவு செய்தவை அல்ல. கம்பனி அவர்களுக்கு விற்ற விலையில்தான் வரி இருக்கிறது, கடைக்காரர் வைக்கிற இலாபத்தில் இல்லை. ஆகவே உங்களுக்கு ஒன்றிரண்டு நாள் குறையும். ஆனால் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி என்று 2.5 சதவீதம் ஒன்று இருக்கிறது, பெற்றோலில் தனியாக உற்பத்தி வரியும் இருக்கிறது. அவற்றையும் சேர்த்தால் குறைந்த நாள் திரும்பி வந்துவிடும்.

என் கணக்கைக் கேளுங்கள். சம்பளம் 2 லட்சம், வருடத்துக்கு 24 லட்சம். 18 லட்சத்துக்கு மேலே உள்ள 6 லட்சத்துக்கு 6 சதவீதம், அதாவது 36,000 ரூபாய் வருமான வரி. வற் சாமான்களுக்கு மாதம் 75,000 போகிறது, அதில் வருடத்துக்கு 1,37,000 ரூபாய் வரி. இரண்டையும் கூட்டினாலும் 26 நாள்தான் வருகிறது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். வருமான வரி கட்டுகிற நான் 26 நாள், கட்டாத நீங்கள் 30 நாள். எனக்கு மாதம் கொஞ்சம் மிச்சம் பிடிக்க முடிகிறது. மிச்சம் பிடிக்கிற காசில் வற் இல்லை. உங்களுக்கு வருவதில் பாதிக்கு மேல் வற் சாமானுக்குப் போகிறது, அதுதான் வித்தியாசம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

சம்மாந்துறை வட்டை:

அப்பாவுக்கு நாள் கணக்கு வேண்டாம், நெல்லில் போடுங்கள். நெல்லுக்கு வற் விலக்கு என்று சொல்லிக் கமக்காரனுக்கு வரியே இல்லை என்று நினைக்கிறார்கள். அது அப்படி இல்லை. 2024 ஜனவரியில் இருந்து டீசலுக்கும் வற் இருக்கிறது. பதிவு செய்த கம்பனி என்றால் தான் வாங்கும்போது கட்டியதைக் கழித்துக்கொள்ளும். நம்மால் அது முடியாது, முழுவதும் நம் தலையில்தான். உழவுக்கும் வெட்டு மெசினுக்கும் போகத்தில் 59,000 ரூபாய்க்கு டீசல் போகிறது என்றால் 9,000 ரூபாய் வற். 2025 இல் 'நாடு' என்ற வகை நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த விலை கிலோ 120 ரூபாய். ஆகவே 75 கிலோ நெல், ஒரு மூட்டைக்கும் மேல். மெசினைக் கூலிக்குப் பிடித்தாலும் ஏக்கர் கூலிக்குள் அந்த டீசல் இருக்கிறது.

படுவான்கரைப் பிள்ளை:

வட்டை அண்ணன், மூட்டைக் கணக்கை இரவே அப்பாவிடம் சொன்னேன். உடனே டீசல் துண்டுகளைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, "உரத்துக்கும் போடு பார்ப்பம்" என்கிறார்!

நானா, உங்கள் 26 நாளைப் பார்த்து நானும் திகைத்துப் போனேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வரிக்கு எதிரி இல்லை. அம்மாவுக்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தபோது ஒரு சதம் கேட்கவில்லை. தம்பி இலவசக் கல்வியில் படிக்கிறான். அந்த 30 நாளைக் கொடுக்க எனக்கு மனம் இருக்கிறது. கொடுக்கிறேன் என்று யாராவது ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பிரதேச சபையில் தெரு விளக்குக்குக் கடிதம் கொடுக்கப் போனால், வரி கட்டாத ஆட்கள் இரக்கம் கேட்டு வந்தது போல நம் ஆட்கள் வாசலில் கூசி நிற்கிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. கடையில் கொடுக்கிற ஒவ்வொரு பில்லிலும் இவ்வளவு வரி என்று தனியாக அச்சடித்தால் என்ன?

ஆரையம்பதி ஓட்டோ:

நான் ஒரு நாளைக்கு 2,000 ரூபாய்க்குப் பெற்றோல் அடிக்கிறேன். தங்கச்சி சொன்ன மாதிரி 118 ஆல் பிரித்து 18 ஆல் பெருக்கினேன், 305 ரூபாய் வருகிறது. நானா சொன்ன உற்பத்தி வரி தனி, அதற்கு மேலேயும் வற் போடுகிறார்கள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வருகிற முதல் ஹயர் அப்படியே போய்விடுகிறது. டயர், ஒயில், பார்ட்ஸ் இன்னும் போடவில்லை. பில் எல்லாம் சீட்டுக்குக் கீழே கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டுச் சொல்கிறேன்.